இரண்டே நாளில் குமிழி நின்றுவிட்டது, பியர் தயாரா?

மெல்போர்னில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறேன், இது இரண்டாவது முறை. 20 லிட்டர் ஏல் (ஒரு வகை பியர்), தொடக்க அடர்த்தி 1.048, உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். போன முறை 18 டிகிரியில் ஒரு வாரம் நிதானமாகக் குமிழி விட்டது. இப்போது கோடை, வாளியில் 26 டிகிரி. ஒரே இரவில் நுரை பொங்கி ஏர்லாக் (வாயு மட்டும் வெளியேற மூடியில் பொருத்தும் அடைப்பு) வழியே தரையெல்லாம் வழிந்து (வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை), மறுநாளே அடங்கிவிட்டது.

வெயிலில் இட்லி மாவு சீக்கிரம் பொங்குகிற மாதிரிதான், சரி. ஆனால் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாளாக 1.020-லேயே நிற்கிறது. மூடி கசிவதால்தான் குமிழி வரவில்லை என்றால் அடர்த்தியாவது இறங்கியிருக்க வேண்டுமே! வாளியை மெல்ல ஆட்டிவிட்டுக் காத்திருக்கலாமா, புது ஈஸ்ட் சேர்க்கலாமா? இப்படியே பாட்டிலில் அடைத்தால் வெடித்துவிடுமோ என்று பயம். அப்புறம், லேசாக வாழைப்பழ வாசம் வருகிறது. அது போகுமா?