கிட்னி கட்டி ரிப்போர்ட்ல "மெத்திலேஷன்": யாருக்காவது வந்திருக்கா?

சுமதி_தி:
அப்பாவுக்கு இடது கிட்னி எடுத்தாச்சு, க்ளியர் செல்ங்கிற வகை கேன்சர். ஆராய்ச்சிக்குன்னு கட்டியில ஒரு துண்டு கேட்டு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. ரிசல்ட்: கட்டி வராம தடுக்கிற வி.எச்.எல் ஜீன்ல மியூட்டேஷன் (எழுத்து மாற்றம்) இல்லை, அதை ஆன் பண்ற புரோமோட்டர் பகுதியில மெத்திலேஷன் இருக்கு. டாக்டர் அந்த வரியைப் பேனாவால சுழிச்சு, "ஜீன்ல ஒரு எழுத்துகூட மாறலைம்மா, மெத்தில் ஒட்டி வாயை அடைச்சிருக்கு"ன்னார். தம்பி, "அப்ப எங்களுக்கும் வருமா சார்?"ன்னான். அதுக்குள்ள அடுத்த டோக்கன் கதவைத் தள்ளிட்டு உள்ள வந்துட்டார். பதில் வரவே இல்லை.

லேப்_முரளி:
1994லயே ஹெர்மன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 26 கட்டியில 5ல இதைக் காட்டிட்டாங்க. நான் பார்த்தது செல் கல்ச்சர்ல. வி.எச்.எல் அடங்கிப்போன செல்லுக்கு, மெத்தில் ஒட்ட விடாத டெசிடபின்ங்கிற மருந்தைப் போட்டோம். டெஸ்ட் ஜெல்லுல அதுவரை வெறுமையா இருந்த வரிசையில, ஜீன் முழிச்சுக்கிச்சுன்னு காட்டுற கோடு (பேண்ட்) யு.வி. வெளிச்சத்துல பளிச்சுனு நிக்குது! மருந்தை நிறுத்தி வளர்த்தா திரும்ப மங்கிடுச்சு. அதை இன்னும் ஜீரணிக்க முடியலை. (அந்த மருந்து எம்.டி.எஸ்.ங்கிற எலும்பு மஜ்ஜைக் கோளாறு மாதிரி ரத்த நோய்க்குத்தான் ஓடுது, கிட்னி கட்டிக்கு வழக்கத்துக்கு வரலை.) சுமதி, மெத்திலேஷன்னா கட்டிக்குள்ள நடந்த கூத்து. பரம்பரை இல்லை, நிம்மதியா இருங்க.

ராணி.கே:
முரளி தம்பி, அப்படிப் பொத்தாம்பொதுவா அடிச்சு விடாதீங்க. என் தங்கச்சிக்கு முதல்ல பாப்பிலரிங்கிற வேற வகை கிட்னி கேன்சர்னாங்க, அப்புறம் எஃப்.எச்.ங்கிற என்சைம் குறைபாடுன்னு மாத்தினாங்க. அந்தக் கட்டியிலயும் ஜீனோம் பூரா மெத்திலேஷன்தான். அந்த என்சைம் இல்லாம ஃப்யூமரேட்ங்கிற பொருள் செல்லுல தேங்கி, மெத்திலைக் கழட்டுற டெட் (TET) என்சைம்களை முடக்கிடுதாம். அது பரம்பரையா வர்றது. ஜெனட்டிக் கவுன்சிலிங்ல அம்மாகிட்ட, "கர்ப்பப்பை எப்ப எடுத்தாங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே, "இருபத்தெட்டு வயசுல, நிறைய கட்டின்னு"ன்னாங்க. கிட்னிக்கு வந்த இடத்துல கர்ப்பப்பைக் கதை எதுக்குன்னு நினைச்சேன். கவுன்சிலர் பொண்ணு பேனாவை வெச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்துச்சு. இந்த ஜீன் கோளாறு ஓடுற குடும்பத்துல கர்ப்பப்பைக் கட்டியும் சின்ன வயசுலயே வருமாம்.

இயற்கைவழி_சேகர்:
எங்க பெரியப்பாவுக்கும் கிட்னி கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருக்கார். எல்லாருக்கும் சொல்றேன், மெத்திலேஷன் உணவால வர்றது, உணவாலயே போகும். காலையில வெறும் வயித்துல பீட்ரூட் ஜூஸ், கூடவே முருங்கைக்கீரை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை தினமும் ஒண்ணு. மைதா, சீனி, பாக்கெட் பால் மூணையும் நிறுத்துங்க. செம்புப் பாத்திரத்துல ராத்திரி ஊத்தி வெச்ச தண்ணி. அலுமினியச் சட்டி வீட்டுலயே இருக்கக் கூடாது. மூச்சுப் பயிற்சி விடவே விடாதீங்க. டாக்டர்கள் இதெல்லாம் சொல்ல மாட்டாங்க.

லேப்_முரளி:
சேகர் அண்ணே, கட்டியில இருக்கிற மெத்திலேஷன் சாப்பாட்டாலயோ உங்க லிஸ்ட்டாலயோ போகும்னு ஆதாரம் இல்லை. மெத்தில் ஒட்டுறதுக்கு உடம்புல சரக்கு சப்ளை பண்றதே ஃபோலேட்தான். கழட்டச் சொல்லிட்டு அதையே குடுக்கச் சொல்றீங்களே!
ராணிக்கா சொன்னது சரி, நான் வி.எச்.எல் புரோமோட்டரை மட்டும் மனசுல வெச்சுச் சொன்னேன். சுமதி, கட்டியில பார்த்தது வேற, பரம்பரையா வந்திருக்கான்னு ரத்தத்துல பார்க்கிறது வேற. 46 வயசுக்குள்ள வந்தா, ரெண்டு கிட்னியிலயும் வந்தா, கண்ணுலயோ சிறுமூளையிலயோ கட்டி இருந்தா ரத்தப் பரிசோதனை சொல்வாங்க. அப்பாவுக்கு என்ன வயசு?

சுமதி_தி:
68. ஒரே பக்கம்தான். கண்ணு செக் பண்ணதில்லை, அடுத்த ரிவ்யூல கேக்கறேன். ராணிக்கா, தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க?

இயற்கைவழி_சேகர்:
பீட்ரூட்டாவது குடுக்கலாம்ல?

ராணி.கே:
பீட்ரூட்ல ஆக்சலேட் (கிட்னியில கல்லாகக்கூடிய உப்பு) ஜாஸ்தி, ஒத்தக் கிட்னிக்கு டாக்டரைக் கேட்டுட்டுக் குடுங்க. சுமதி, தங்கச்சிக்கு மருந்து ஓடுது. அம்மாவும் நானும் ரத்தம் குடுத்திருக்கோம், ரிசல்ட் வரலை.