உப்பு நோட்டீஸ்: நாளைக்கு யாரைக் கூப்பிடறது?

மாமா: உப்பைக் குறைக்கச் சொல்ற நோட்டீஸ் ரெடி. வெள்ளிக்கிழமை அச்சு. எல்லாரும் பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க

பெரியக்கா: நல்லாருக்கு மாமா 👍

சித்தி: நாம பார்த்து என்ன பிரயோஜனம் அண்ணா? படிக்கப்போறவங்க பார்த்தாங்களா?

மாமா: நாளைக்கு 15 பேரை வரச் சொல்லியிருக்கேன்

சித்தி: 15 பேரா! 6லேர்ந்து 8 பேர் போதும். மீறினா நாலு பேர் பேசுவாங்க, மிச்சப் பேர் தலையாட்டுவாங்க. ரெண்டு குழுவாப் பிரிங்க. மாமியாரையும் மருமகளையும் ஒண்ணா உக்கார வெக்காதீங்க, மருமக வாயே திறக்க மாட்டா

அத்தை: மாமியார்னா பூதமா?

சித்தி: உங்களைச் சொல்லலை அண்ணி 🙏

தம்பி: தாத்தாவுக்குக் கண் செக்கப் வியாழனா, வெள்ளியா?

பெரியக்கா: வியாழன். மாமா, என்ன கேக்கப்போறீங்க?

மாமா: பிடிச்சிருக்கா, புரியுதான்னு

சித்தி: ஆமான்னுதான் சொல்வாங்க. எழுதினவர் எதிர்லயே குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? 2 நிமிஷம் படிக்க விடுங்க. தாளைக் கவிழ்த்து வெக்கச் சொல்லி, "பக்கத்து வீட்ல இதை எப்படிச் சொல்வீங்க?"ன்னு கேளுங்க. அவங்க வாயில வர்ற வார்த்தையை அப்படியே எழுதுங்க, அதுதான் நோட்டீஸ்ல வரணும். உப்புக்கு நீங்க எழுதியிருக்கற "சோடியம் உட்கொள்ளல்" யார் வாயிலயும் வராது. படத்தையும் பாருங்க. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழன்னா தலைதட்டின டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. நீங்க போட்டது கோபுரமா நிக்குது. ஒரு ஆளுக்கா, வீட்டுக்கே சேர்த்தான்னும் இல்லை. பாக்கெட் தீனியில இருக்கற உப்பும் இதுக்குள்ளதான்னு ஒரு வரி வேணும்

தாத்தா: எழுத்து பொடி

சித்தி: பார்த்தீங்களா!

மாமா: சரி. நானே நடத்தறேன்

சித்தி: வேண்டாம்ணா. யாராவது தப்பாச் சொன்னா உடனே திருத்துவீங்க, சின்ன வயசுலேர்ந்து அதே பழக்கம். திருத்தின நிமிஷமே மத்தவங்க அடங்கிடுவாங்க. எங்க தப்பாப் புரிஞ்சுதுங்கறதுதான் நமக்கு வேணும். சரியான விவரத்தைக் கடைசில சொல்லிக்கலாம். பெரியவ நடத்தட்டும், தம்பி குறிப்பெடுக்கட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க

தம்பி: ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணலாமா?

பெரியக்கா: முதல்ல எல்லார்கிட்டயும் அனுமதி கேட்டுட்டு. ஒருத்தர் வேண்டாம்னாலும் குறிப்பு மட்டும்தான்

மாமா: 8 பேர்ல 6 பேருக்குப் புரிஞ்சா 75 சதவீதம்னு அறிக்கைல போட்டுடலாம்ல?

சித்தி: கூடவே கூடாது. இது கணக்கெடுப்பு இல்ல. ஏன் புரியலைங்கறதை எழுதுங்க. ரெண்டு குழுவோட நிறுத்தவும் வேண்டாம், புதுசா ஒண்ணும் வராத வரைக்கும் நடத்தணும். வழக்கமா ஒவ்வொரு தரப்புக்கும் 3, 4 குழு ஆகும்

மாமா: அப்போ வெள்ளிக்கிழமை அச்சு?

அத்தை: மாமியார் குழுவுக்கு நான் வரலாமா?

சித்தி: நோட்டீஸ் வீட்லயே எழுதினது அண்ணி, நீங்க வேண்டாம்

அத்தை: சரி

மாமா: அச்சு???

பெரியக்கா: நாளைக்கு ரெண்டு குழு முடியட்டும் மாமா