உதவி வேணும்: பன்னேர்கட்டா–ஓசூர் யானை டேட்டாவ ஒரே மேப்புல சேர்க்க முடியல

ஜிகனிவாசி:
எல்லாருக்கும் வணக்கம், பெங்களூர்ல இருந்து எழுதுறேன். பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுல ஆரம்பிச்சு தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியா காவிரி காடு வரைக்கும் யானை நடமாட்டத்தை ஒரே மேப்புல கொண்டு வந்து வாழிடப் பாதுகாப்புத் திட்டத்துக்குக் கொடுக்கணும், டேட்டாவ சேர்க்குற பொறுப்பு என்கிட்ட இருக்கு. மூணு டீம் எக்செல் அனுப்பியிருக்காங்க. ஒண்ணு கர்நாடகா பக்கம் பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் வச்ச கேமரா ட்ராப் (விலங்கு கடந்தா தானா படம் எடுக்குற கேமரா), இன்னொண்ணு தமிழ்நாடு பக்கம் நடந்து போய் எடுத்த கால்தடம், லத்தி (யானைச் சாணம்) பதிவு, மூணாவது பயிர் சேத நிவாரண மனுக்கள்ல இருந்து ஊர் வாரியா எடுத்தது.

சிக்கல் என்னன்னா தமிழ்நாடு ஃபைல்ல முக்காவாசி புள்ளி சரியா விழுது, ஒரு கொத்து மட்டும் லட்சத்தீவுக்கு வடக்கால அரபிக்கடல்ல போய் விழுது. அதே டீம் பழைய டோபோஷீட்ல (அச்சடிச்ச நில வரைபடம்) குறிச்ச பதிவுகள் எல்லாம் ஒரே பக்கமா நகர்ந்து ஏரித் தண்ணிக்குள்ள நிக்குது. இதைவிட பெரிய கவலை, மூணையும் சேர்த்தா மாநில எல்லையை ஒட்டி ஒரு பட்டை காலியா வருது, அதை "யானை இல்லாத பகுதி"ன்னு கலர் பண்ணிடலாம்னு குழுவுல சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. பன்னேர்கட்டாவோட சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது பூங்காவச் சுத்தி கட்டுப்பாடு உள்ள பகுதி, 2016 வரைவுல 268.96 சதுர கிமீ இருந்தது, 2018 வரைவுல 168.84 ஆயிடுச்சு. இப்ப நாமளே ஒரு துண்டுல யானை இல்லைன்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு அங்க லேஅவுட் வர்றப்ப எதை வச்சுப் பேசுறது?

மேப்புவேலை:
கடல் விஷயம் ஈஸி மேடம். ஜிபிஎஸ்ல இடத்தை மீட்டர் கணக்குல சொல்ற யுடிஎம் முறை பூமியை ஜோன் ஜோனாப் பிரிக்குது, அதுல ஜோன் 43 கிழக்கு 78 டிகிரியோட முடியுது, அதுக்கு அந்தாண்ட ஜோன் 44. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் 43ல, ராயக்கோட்டை தாண்டினா 44. கையில இருக்குற ஜிபிஎஸ் அந்தக் கோட்டைத் தாண்டினதும் தானா மாறிடும், நோட்டுல எழுதுறவங்க நம்பரை மட்டும் எழுதி ஜோனை விட்டுடுவாங்க. ஈஸ்டிங் காலத்தை (கிழக்கு-மேற்கு மீட்டர் நம்பர்) பாருங்க, 8 லட்சம் வாக்குல இருந்தா 43, 2 லட்சத்துக்குக் கீழ இருந்தா 44. ரெண்டாப் பிரிச்சு தனித்தனியா அட்சரேகை தீர்க்கரேகைக்கு மாத்திட்டு அப்புறம் சேருங்க.

டோபோஷீட் விஷயம் வேற. இடத்தை அளக்க அடிப்படையா வச்சுக்குற பூமி மாதிரிக்குப் பேரு டேட்டம். பழைய ஷீட் எவரெஸ்ட் டேட்டம், இப்ப ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84, நம்ம பக்கம் 100, 200 மீட்டர் வித்தியாசம் வரும். கையால இழுத்து வைக்காதீங்க, சாஃப்ட்வேர்ல சரியான டேட்டம் கொடுத்து மாத்திட்டு ஒரு அணைக்கட்டோ பழைய கோவிலோ ரெண்டுலயும் ஒரே இடத்துல விழுதான்னு பாருங்க.

ஓசூர்க்காரன்:
அக்கா அந்த காலிப் பட்டைய தயவு செஞ்சு காலின்னு போட்டுடாதீங்க. எங்க பக்கம் ராகி கதிர் பிடிக்கிற நேரத்துல, ஐப்பசி கார்த்திகைல இருந்தே கூட்டம் கூட்டமா பன்னேர்கட்டா பக்கம் இருந்து ஜவளகிரி வழியா இறங்கி சானமாவு, போடூர்பள்ளம் வரைக்கும் வரும், அறுப்பு முடிஞ்சு தை மாசிக்குள்ள திரும்பும். பகல்ல காட்டுல நின்னுக்கும், இருட்டினதும் வயலுக்கு வரும், விடியறதுக்குள்ள போயிடும். பிப்ரவரில கேமரா கட்டினா யானை எல்லாம் திரும்பிப் போன வழியில கட்டின மாதிரிதான், அதுல என்ன கிடைக்கும். இதே பட்டையில டிசம்பர்ல வந்து பாருங்க, ராகிக் கொல்லைல தட்டை எல்லாம் படுத்துக் கிடக்கும், வரப்புல கால்தடம் குழி குழியா தண்ணி நின்னு இருக்கும்.

களப்பணி:
ஓசூர் தம்பி சொன்னதுதான் முக்கியம், இன்னும் ஒண்ணு சேர்த்துக்குறேன். உங்க எக்செல்ல யானை பார்த்த வரி மட்டும் இருக்கா, இல்ல போய்ப் பார்த்து எதுவும் கிடைக்காத வரியும் இருக்கா? பெரும்பாலும் ரெண்டாவதை யாரும் எழுதுறதில்ல. அப்ப மேப்பை சதுரம் சதுரமாப் பிரிச்சா வர்ற வெள்ளைக் கட்டத்துக்கு ரெண்டு அர்த்தம், ஒண்ணு போனோம் இல்லை, இன்னொண்ணு யாரும் போகவே இல்லை. ரெண்டையும் ஒரே கலர்ல போடக்கூடாது. போனாலும் கண்ணுல படாம போகும், ஒரு தடவை நடந்தா தடம் தென்பட 30 சதவீதம் வாய்ப்புன்னு வச்சுக்கிட்டா மூணு தடவை நடந்தும் எதுவும் தென்படாம போக 34 சதவீதம் வாய்ப்பு இருக்கு, அதாவது யானை இருக்குற மூணு கட்டத்துல ஒண்ணு காலியாத் தெரியும். இப்படி கண்ணுல படாமப் போறதையும் கணக்குல எடுக்குற ஆக்குபன்சி மாடல் இதுக்குன்னே இருக்கு, ஆனா எந்தக் கட்டத்துக்கு எத்தனை தடவை போனாங்க, எத்தனை கிமீ நடந்தாங்கன்னு இருந்தாத்தான் ஓட்ட முடியும்.

கட்ட அளவும் பாருங்க, 2 சதுர கிமீ கட்டம் புலிக் கணக்கெடுப்புல கேமரா வைக்க சரி, யானை ஒரு ராத்திரில அதைத் தாண்டிப் போயிடும்.

ஜிகனிவாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஜோன் பிரிச்சதும் கடல்ல கிடந்ததெல்லாம் ராயக்கோட்டை பக்கம் வந்து உக்காந்துச்சு, டேட்டமும் மாத்திட்டேன். எந்தக் கட்டத்துக்கு எத்தனை தடவை போனாங்கங்கற கணக்கு ஒரு டீம்ல மட்டும் இருக்கு. இன்னொரு டீம் மூல டேட்டாவையே தர யோசிக்கிறாங்க, துல்லியமான இடம் வெளிய போயிடும்னு பயம். நிவாரண மனுவை எப்படி எடுத்துக்குறதுன்னும் தெரியல.

களப்பணி:
அவங்க பயம் நியாயம், தந்தம் உள்ள ஆண் யானை நிக்கிற இடம் யார் கைக்கும் போகக்கூடாது. மூல டேட்டா அவங்ககிட்டயே இருக்கட்டும், 5 கிமீக்கு 5 கிமீ கட்டம் போட்டு கட்டத்துக்கு ஒரு வரி, போன தேதி, நடந்த கிமீ, பார்த்தது பார்க்காதது மட்டும் கேளுங்க, கட்டத்தோட மூலைப் புள்ளிய நீங்களே எல்லாருக்கும் அனுப்பிடுங்க. ரெண்டு மாநிலத்துலயும் ஆய்வு அனுமதி தனித்தனியா வாங்கினதுதான், அதுல டேட்டாவ மத்தவங்களுக்குக் கொடுக்குறது பத்தி என்ன போட்டிருக்குன்னும் படிச்சுப் பாருங்க.

நிவாரண மனுவ "யானை வந்தது"ன்னு மட்டும் எடுத்துக்கோங்க, மனு இல்லாத ஊரை "வரல"ன்னு எடுக்காதீங்க. பட்டா பேர்ல இல்லாதவங்க, குத்தகைக்கு ஓட்டுறவங்க, அலைய முடியாதவங்க மனுவே போடுறதில்ல. யாரும் போகாத கட்டத்துக்குக் கோடு போட்ட சாம்பல் கலர் கொடுத்து, "ஆய்வு செய்யப்படவில்லை"ன்னு மேப்புக்குள்ளயே எழுதுங்க, கீழ சின்ன எழுத்துல வேண்டாம்.

ஓசூர்க்காரன்:
அக்கா ராகி சீசனுக்கு முன்னாடி அந்த சாம்பல் கட்டங்களோட லிஸ்ட்ட அனுப்புங்க. எங்க ஊர்ப் பக்கம் ராத்திரி யானை விரட்டப் போற வாட்சர் அண்ணன்களுக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும், ரேஞ்சர் கிட்ட முறையா அனுமதி கேட்டுட்டு அவங்களோட உக்காந்து எந்தக் கட்டத்துக்கு எந்த மாசம் போகணும்னு முடிவு பண்ணிக்கலாம்.