மறு: ‘பையழற்சி’: எந்தப் பை?

அன்புள்ள குழுவினர்க்கு,

பவுச்சைட்டிஸ் (pouchitis) என்ற நோய்க்குத் தமிழில் ‘பையழற்சி’ எளிய சொல்தான். சிக்கல் எங்கள் வீட்டிலேயே வந்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்குப் பெருங்குடல் புண்ணழற்சி. பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைக்கோடியை மடக்கித் தைத்துப் பையாக்கி ஆசனவாயோடு இணைத்தார்கள். 1978இல் லண்டனில் அறுவை மருத்துவர்கள் பார்க்ஸும் நிக்கோல்ஸும் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. தையல் ஆறும்வரை வயிற்றில் துளையிட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தார்கள். வீட்டில் ‘பை’ என்றால் அதுதான். அதை அகற்றிப் பல மாதம் கழித்து, “பையில் அழற்சி” என்று மருத்துவர் சொன்னதும் அண்ணன் சட்டையைத் தூக்கிப் பழைய தழும்பைக் காட்டினார்!

மருத்துவர் சொன்னதோ உள்ளே தைத்த பையை. அதனால் அந்த உள்பைக்குக் ‘குடல்மடி’ என்கிறேன். மடித்ததும் மடி, வேட்டியில் சில்லறை முடிந்துகொள்வதும் மடி. இவ்வுறுப்பும் மடித்துச் செய்தது, தேக்கி வைப்பது. நோய் ‘குடல்மடி அழற்சி’. அழற்சிக்கு ‘வீக்கம்’ வேண்டாம். அப்படிச் சொல்வது மலையாள வழக்கு. மருத்துவச் சீட்டுகளைப் படித்துப் படித்து நமக்கும் தொற்றிவிட்டது.

தடுப்புக்கு இரண்டு சொற்கள் தேவை. இத்தாலியின் போலோனியா ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு: வயிற்றுத் துளையை மூடிய கையோடு எட்டு வகை நற்கிருமிப் (புரோபயாடிக்) பொடி உட்கொண்ட 20 பேரில் ஓராண்டுக்குள் 2 பேருக்கு நோய் வந்தது, நற்கிருமி இல்லாத போலிப் பொடி உட்கொண்ட 20 பேரில் 8 பேருக்கு. இது ‘வருமுன் காப்பு’. அவர்களே 2000இல் வெளியிட்டது வேறு: ஆன்டிபயாடிக்கால் அடங்கிய நோய் திரும்பாமல் பார்ப்பது. ஒன்பது மாதத்தில் நற்கிருமிப் பொடிக்காரர்கள் 20 பேரில் 3 பேருக்குத் திரும்பியது. போலிப் பொடி உட்கொண்ட மற்ற 20 பேருக்கும் திரும்பிவிட்டது. இதை ‘மீளாக் காப்பு’ எனலாமா? இரண்டும் சிறு ஆய்வுகள்தாம்.

*

ஐயா,

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு மாட்டுக்காரன். எங்களுக்கு ‘மடி அழற்சி’ என்றால் கறவைப் பசுவின் நோய். காம்பில் திரிதிரியாகப் பால் வரும். மலையாள நர்ஸிடம் ‘மடி’ என்றால் சோம்பல். குடலுக்குச் சோம்பலா என்பார்!

*

பசு நியாயமான தடை. ‘குடல்’ என்ற முன்சொல்லை எங்கும் விடாமல் எழுதுவோம். ‘மடி’க்குச் சோம்பல் என்ற பொருள் தமிழிலும் உண்டு, குறளில் ‘மடியின்மை’ அதிகாரமே இருக்கிறது. வேட்டி மடியை யாரும் குழப்பிக்கொள்ளவில்லையே.

நேற்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். ‘குடல்மடி’ என்றதும் கை அடிவயிற்றுக்குப் போனது, தழும்புக்கு அல்ல. ‘மீளாக் காப்பு’ மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. இன்சூரன்ஸ் போல இருக்கிறதாம். அதற்கு வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.