நோட்டீஸ் ஒட்டியது எங்கே? பலதார மணமும் பெண்ணுக்கான நியாயமும்

சோனகத்தெரு மகள் எழுதியது:

போன கிழமை யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒரு விருந்து. ஏ.எல். படிக்கும் ராத்தாவின் (அக்காவின்) மகள், எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் கை வைத்தபடியே கேட்டாள்: "எங்கட மார்க்கத்தில ஆம்பிளைக்கு நாலு கலியாணம் என்றால் பொம்பிளைக்கு ஏன் ஒன்று?" ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "நாலு பேருக்குச் சமைக்க உன்னால் ஏலுமா?" என்று ஒரு சாச்சா கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது. பிள்ளை பிறகு சாப்பிடவே இல்லை.

அவளுக்கு ஒழுங்கான பதில் கொடுக்க வேண்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் நாங்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் என் சாச்சியின் (சித்தியின்) கணவர் இரண்டாவது நிக்காஹ் (திருமணம்) செய்தார். சாச்சிக்கு அது எப்படித் தெரியவந்தது தெரியுமா? அவருடைய பத்து வயது மகன் அஸர் தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி வுழு செய்யப் பள்ளிக்குப் போயிருக்கிறான். ஹவ்ழுக்கு (தண்ணீர்த் தொட்டிக்கு) பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் வாப்பாவின் பெயர். ஈரக் கையோடு ஓடிவந்து, "உம்மா, வாப்பாட பேரும் உங்கட பேரும் பள்ளிச் சுவரில இருக்கு" என்று சந்தோசமாகச் சொன்னான். ஏதோ நல்ல விசயம் என்று நினைத்துவிட்டான்.

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மனைவி இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்ய விரும்பும் கணவன் 30 நாளுக்கு முன்பே காழிக்கு (முஸ்லிம் விவாக நீதிபதிக்கு) அறிவிக்க வேண்டும். காழி அதை ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) நடக்கும் பள்ளிவாசல்களில் ஒட்டச் செய்வார். மனைவியின் சம்மதம் தேவையில்லை. அவள் கையில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. பெண்கள் கால் வைக்காத இடத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அறிவித்தாயிற்று என்கிறோம்.

எனக்கு நாலு புருசன் வேண்டாம். சாச்சிக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

தாலிபுல்இல்ம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. உங்கள் சாச்சிக்கு நடந்தது வேதனை. ஆனால் ஒரு மனிதர் நடந்துகொண்ட விதத்தை வைத்து மார்க்கத்தை அளக்கக் கூடாது.

நாலு என்பது ஆணுக்குப் போட்ட எல்லை. கைலான் என்ற ஸஹாபி (நபித்தோழர்) இஸ்லாத்துக்கு வந்தபோது அவருக்குப் பத்து மனைவியர். நாலு பேரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் நபியவர்கள். நபியவர்கள் காலத்து உஹத் போரில் எழுபது பேர் ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகம் செய்தார்கள்). குர்ஆனில் ஸூரா நிஸா என்ற அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தை விளக்குபவர்கள் அந்த அநாதைகளையும் விதவைகளையும் சேர்த்தே பேசுகிறார்கள். நீதியாக நடக்க முடியாது என்று பயந்தால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள் என்பதும் அதே வசனம்தான். இரண்டு மனைவியரில் ஒருத்தி பக்கம் சாய்ந்தவன் மறுமையில் ஒரு பக்கம் சாய்ந்தபடி எழுவான் என்ற ஹதீஸை (நபிமொழியை) எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் வடக்கில் எவ்வளவு பேர்! அவர்களுக்கு இந்த வாசலை அடைத்துவிட்டால் எங்கே போவார்கள்?

பெண்ணுக்குப் பல கணவர் என்பது புதிய கேள்வி இல்லை. இஸ்லாத்துக்கு முந்திய ஜாஹிலிய்யாக் காலத்தில் அது இருந்தது என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி அறிவித்தது புகாரி ஹதீஸ் தொகுப்பில் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான ஆண்கள் ஒரு பெண்ணிடம் போய்வருவார்கள். பிள்ளை பிறந்ததும் அவள் எல்லாரையும் அழைத்து, இது இன்னாருடைய பிள்ளை என்று ஒருவரைச் சொல்வாள். அவர் மறுக்க முடியாது. இஸ்லாம் அதை நிறுத்தியது, பிள்ளைக்குத் தகப்பன் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக.

நல்லூர் வடலி எழுதியது:

நான் முஸ்லிம் இல்லை, மன்னிக்கவும். ஆனால் இது நாட்டுச் சட்டம், எல்லாருக்கும் பேச உரிமை உண்டு.

தகப்பன் யார் என்பதுதான் காரணம் என்றால் டிஎன்ஏ பரிசோதனை வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. இரண்டு பேருக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் எடுங்கள். கண்டியில் 'ஏககெய்' என்று அண்ணன் தம்பிகள் ஒரு பெண்ணை மணந்து ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஆங்கிலேயர் 1859இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். துனிசியா முஸ்லிம் நாடுதானே, 1956இலேயே பலதார மணத்தைத் தடை செய்தது. இங்கே மட்டும் ஏன் முடியாது? எங்கள் ஆட்களிலும் முதல் கலியாணம் இருக்கும்போதே இஸ்லாத்துக்கு மதம் மாறி இரண்டாவது செய்தவர்கள் இருந்தார்கள். அது செல்லாது என்று 1997இல் உயர் நீதிமன்றம் தீர்த்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது.

சோனகத்தெரு மகள் எழுதியது:

வடலித் தம்பி, கண்டிக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். காணி துண்டுபடாமல் இருக்கத்தான் சகோதரர்கள் ஒருத்தியோடு வாழ்ந்தார்கள். காணி அவர்களுடையது. அவளுக்கு அதனால் என்ன வந்தது? கணவர்களின் எண்ணிக்கை கூடினால் பெண்ணின் உரிமை கூடும் என்பது தவறான கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இன்றும் உங்கள் வீட்டுப் பெண்களை ஆள்கிறது. திருமணமான பெண் தன் பெயரிலுள்ள வீட்டை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எங்கள் சட்டத்தைத் திருத்த வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும்போது அதையும் கொண்டுவாருங்கள்.

தாலிபுல்இல்ம் மௌலவி, விதவைகளைப் பற்றிச் சொன்னீர்கள். முகாமில் நான் பார்த்த இரண்டாவது நிக்காஹ்கள் ஏழெட்டு இருக்கும். ஐந்து பிள்ளையோடு நின்ற விதவையை எடுத்தவர் அதில் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் கன்னிப் பெண்களையே எடுத்தார்கள். அதே நிஸாவின் 129ஆம் வசனம், நீங்கள் எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே நீதமாக நடக்க உங்களால் முடியாது என்கிறதே? நபியவர்களின் மருமகன் அலி நாயகம், அபூஜஹ்ல் என்பவரின் மகளை மணக்க இருந்தபோது நபியவர்கள் மிம்பரில் (பிரசங்க மேடையில்) ஏறி மறுத்தார்கள். தன் மகள் பாத்திமா நாயகிக்கு நோவது தனக்கும் நோவு என்றார்கள். சாச்சிக்கு ஒரு வாப்பா இருந்தார். வுழு நீர் வடியும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டு வந்து, அவரும் பேசாமல் இருந்தார்.

நல்லூர் வடலி எழுதியது:

தேசவழமை விசயத்தில் நீங்கள் சொல்வது சரி, அக்கா. என் அம்மாவுக்கே அது நடந்தது. ஆனாலும் தடைதான் தீர்வு என்பதில் நான் மாறவில்லை.

கற்பிட்டிக் காற்று எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு இரண்டாம் மனைவி.

முதல் கணவர் மௌத்தானபோது (இறந்தபோது) எனக்கு 26 வயது, இரண்டு பிள்ளைகள். நானாதான் (அண்ணன்தான்) வலியாக, அதாவது என் பொறுப்பாளராக நின்று என்னை நிக்காஹ் செய்து கொடுத்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். முதல் மனைவிக்குத் தெரியும் என்றார்கள். அவருக்குத் தெரியாது. பதிவும் செய்யவில்லை, பதியாவிட்டாலும் நிக்காஹ் நிக்காஹ்தான் என்றார்கள். பிறகு அவர் வராமல் விட்டார். பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்டுப் போனபோது, நிக்காஹ் நடந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். சாட்சிக்கு நின்றவர்களில் ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார், மற்றவர் ஞாபகமில்லை என்றார்.

தம்பி, தடை போட்டால் ஆண்கள் நிறுத்துவார்கள் என்று நினைக்கிறீர்களா? பதியாமல் செய்வார்கள். அப்போது என்னைப் போன்றவர்களின் பிள்ளைகள் இன்னும் ஆழத்தில் விழும். மௌலவி, உங்களுக்கும் ஒன்று. விதவைக்கு வாசல் என்கிறீர்கள். அந்த வாசலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

தாலிபுல்இல்ம் எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். இதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை.

அபூஜஹ்லின் மகள் விசயத்தில் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) வேறு காரணமும் சொல்வார்கள்: அல்லாஹ்வின் தூதருடைய மகளும் அவனுடைய எதிரியின் மகளும் ஒருவரிடத்தில் சேரக் கூடாது என்பது. ஹன்பலி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்), இன்னொரு திருமணம் செய்வதில்லை என்று நிக்காஹிலேயே பெண் நிபந்தனை போடலாம், மீறினால் அவள் பிரியலாம். நாங்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹப், அதில் அந்த நிபந்தனை செல்லாது. முதல் மனைவியின் சம்மதத்தைக் கட்டாயமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். அல்லாஹ் ஆகுமாக்கியதை இன்னொருவர் கையெழுத்தில் கட்டிவைக்க முடியாது.

ஆனால் அவளுக்கு அறிவிக்கக் கூடாது என்று ஒரு வசனமும் இல்லை, ஒரு ஹதீஸும் இல்லை. அது உங்கள் பக்கம் உள்ள நியாயம்.

சோனகத்தெரு மகள் எழுதியது:

அப்படியென்றால் அதிலிருந்து தொடங்குவோம். பாகிஸ்தானில் 1961 முதல், நடுவர் சபையின் எழுத்து அனுமதி இல்லாமல் இரண்டாவது திருமணத்தைப் பதிய முடியாது. இங்கே 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றிக் குழு போட்டார்கள், அறிக்கை வர 2018 ஆனது, அதுவும் இரண்டு அணியாகப் பிரிந்து. சட்டம் திருந்தும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத காரியம் இது. பள்ளிச் சுவரில் ஒட்டும் அன்றே ஒரு பிரதியை மனைவியின் கையில் கொடுத்து ஒப்பம் வாங்கட்டும். இரண்டு குடும்பத்துக்கும் வருமானம் போதுமா என்று காழி கேட்டு எழுதி வைக்கட்டும். உங்கள் பள்ளி நிர்வாகத்தில் இதைப் பேசுவீர்களா, மௌலவி?

தாலிபுல்இல்ம் எழுதியது:

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு பேசுகிறேன், இன்ஷா அல்லாஹ். வருமான விசயத்தில் எதிர்ப்பு வரும். பிரதி கொடுப்பதில் வராது என்று நினைக்கிறேன்.

கற்பிட்டிக் காற்று எழுதியது:

இரண்டு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை நிக்காஹ் நடக்கவிருக்கும் பெண்ணிடமும் கொடுக்க வேண்டும். முதல் மனைவியின் பெயரும் அவருடைய ஒப்பமும் அதில் இருக்கட்டும்.