பச்சை விரியனை நேரில் கண்டவர்கள் சொல்லுங்கோ

ஒட்டுசுட்டான்காரன்:
எங்கள் பக்கம் கிளுவை வேலியில் பச்சையாக ஏதாவது நெளிந்தால் போதும், "விரியன், அடியுங்கோ" என்று பொல்லோடு ஓடி வருவார்கள். அடிபட்டுச் சாவது அநேகமாகக் கண்கொத்திப் பாம்புதான், பாவம். நான் பச்சை விரியனைக் கண்டது வன்னியில் இல்லை, சிங்கராஜா மழைக்காட்டில். ஓடையோரப் பற்றைக்குள் இடுப்பளவு உயரத்தில் சுருண்டு கிடந்தது, வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டியும் எனக்குக் கொஞ்ச நேரம் இலை மட்டும்தான் தெரிந்தது, ஏனென்றால் பச்சை உடம்பில் கறுப்புத் திட்டுகள் விழுந்து அப்படியே நிழல் பட்ட இலையாகத்தான் இருக்கிறது. முக்கோணத் தலை, ஒடுங்கின கழுத்து, கண்ணுக்குப் பின்னால் கறுப்புக் கோடு. கறுத்த வாலால் கொப்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லாத இனம், ஈரவலயத்தில்தான் அதிகம்.

முள்ளியவளை அக்கா:
தம்பி, எங்கள் வளவு முருங்கையிலும் ஒரு பச்சை திரியுது. எப்படிப் பிரித்து அறிவது?

ஒட்டுசுட்டான்காரன்:
பகலில் திரிந்தால் கண்கொத்தியாகத்தான் இருக்கும் அக்கா. அது நல்ல மெலிசு, மூக்குக் கூர், கண்மணி படுக்கையாக இருக்கும், ஓணான் பிடிக்க வரும். விரியன் தடிப்பு, கண்மணி நெட்டுக்குத்து, பகலில் கிடந்த இடத்திலேயே கிடந்து இரவில்தான் வேட்டை. கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் ஒரு குழி உண்டு, எலி, குருவியின் உடற்சூட்டை இருட்டிலும் அதால் அறிந்துவிடும். குழியைப் பார்க்கவென்று கிட்டப் போய்விடாதேங்கோ!

செட்டிகுளத்தான்:
எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருவருக்கு இறக்குவானைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது கையில் பச்சை விரியன் கடித்தது. உயிர் போகவில்லை, ஆனால் முழங்கை வரை வீங்கிக் கொப்புளம் போட்டு, சரியான வேதனை. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற இந்திய விஷமுறிவு மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நாலுக்கும் செய்ததுதானே, இதற்கில்லை. இரத்தம் உறைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வைத்திருந்தார்கள்.

ஒட்டுசுட்டான்காரன்:
சரி, எங்கள் காட்டிலும் இதே மாதிரி முகத்தில் குழியுள்ள ஒரு குழிவிரியன் இருக்கிறதே, அதை ஒருவரும் சொல்லவில்லை. மரத்தில் இல்லை, சருகுக்குள். காய்ந்த இலை நிறம், கட்டை உடம்பு, மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். அதற்கும் அந்த மருந்து உதவாது, சிலருக்குச் சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடும்.

முள்ளியவளை அக்கா:
ஐயோ, அது எங்கள் விறகுக் குவியலடியில் கிடந்ததுதான். அவர் குட்டிப் புடையன் என்றெல்லோ சொன்னவர்.