மாலைப் படத்துக்கு 16 மி.மீ. லென்ஸ்தான் என்று யார் சொன்னது?

நொய்யல்கரை
நேற்று ஆழியாறுக்காரர் ஒரு படத்துக்குக் கீழே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மாலை வெளிச்சத்தில் நிலக்காட்சி என்றால் 16 மி.மீ. வைட் ஆங்கிள்தான், டெலி வைத்திருப்பவர்கள் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்க் கொக்கு எடுக்கட்டும்" என்கிறார். வைட் என்றால் அகலமாகப் பார்ப்பது, டெலி என்றால் தூரத்தை இழுத்துப் பெரிதாகக் காட்டுவது. ஏனுங்க, இது கோயமுத்தூரில் நின்று பேசுகிற பேச்சா? பேரூர் பெரியகுளத்துக் கரையில் சாயங்காலம் நின்று பாருங்கள். வெள்ளியங்கிரி மேற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி மலை, ஆனால் கையை நீட்டி அளந்தால் இரண்டு விரல் உயரம் வராது. அதை 16-ல் எடுத்தால் ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ.) சென்சாரில் ஒரு மில்லிமீட்டர்கூட நிற்காது. மீதியெல்லாம் வானம், தண்ணீர், ஆகாயத்தாமரை. அதே இடத்தில் 200-ல் எடுத்தால் மலை பத்து மில்லிமீட்டர் நிற்கும், ஃப்ரேமின் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வைட் லென்ஸ் மலையைக் குட்டையாக்கும். இருபது வருஷமாக அந்தக் கரையில் நின்றவன் சொல்கிறேன்.

ஆழியாறுக்காரன்
அண்ணா, வணக்கம். மலையைக் குட்டையாக்கியது லென்ஸ் இல்லை, நீங்கள் நின்ற இடம். பொருள்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை முடிவு செய்வது தூரம் மட்டும்தான். ஒரே இடத்தில் நின்று 16-ல் ஒன்று, 200-ல் ஒன்று எடுத்து, 16-ல் எடுத்ததன் நடுவை வெட்டிப் பாருங்கள். அதே மலை, அதே பனைமரம், அதே விகிதம். இருபது வருஷம் ஒரே கரையில் நின்றால் மலை ஒரே உயரத்தில்தான் இருக்கும். கொஞ்சம் நடந்து கிட்டே போங்கள்.

நொய்யல்கரை
வெட்டினால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டீர்களா தம்பி? 16-க்கும் 200-க்கும் பன்னிரண்டரை மடங்கு. பரப்பில் 156 மடங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் மிஞ்சுவது ஒன்றரை லட்சம் பிக்சல். அதைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்? விகிதம் அதேதான், நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்க்கிறவர் பிக்சலை எண்ண மாட்டார், மலை எங்கே என்றுதான் கேட்பார். வைட் லென்ஸ் மலையைக் குட்டையாக்கும்.

கிட்டே போ என்கிறீர்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்துப் பூண்டி வரை போய்ப் பார்த்தவன்தான் நான். அங்கே மலை தலைக்கு மேல் எழும்பி நிற்கும், ஆனால் நாட்காட்டியில் போட்டிருக்கிற அஸ்தமனத்துக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். நிழலில் நின்றுகொண்டு பொன் வெளிச்சத்தை எங்கே தேடுவது? கிட்டே போனால் வெளிச்சம் இல்லை, தள்ளி நின்றால் மலை இல்லை. கோவைக்கு மேற்கே மலையை வைத்தது இயற்கை, அதற்கு டெலிதான் வழி.

கோபி வயல்
ஒரு சந்தேகம் கேட்கலாமுங்களா. 16 என்று பேசுகிறீர்களே, ஆழியாறு அண்ணாவின் கேமரா ஃபுல் ஃப்ரேமா, அதைவிடச் சின்னதான கிராப் சென்சாரா? கிராப்பில் 16 என்றால் அது ஃபுல் ஃப்ரேமில் 24 மாதிரிதானே. இரண்டு பேரும் ஒரே லென்ஸைத்தான் பேசுகிறீர்களா?

ஆழியாறுக்காரன்
நொய்யல் அண்ணா, உலகமே பேரூர் குளத்தோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் வாருங்கள். ஆழியாறு அணையில் நின்றால் மலை தெற்கே. சாயங்கால வெயில் வலது கைப் பக்கமிருந்து மலை மேல் சாய்ந்து விழும். ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும், பாறைக்கு ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். தண்ணீர், அந்தக் கரை, மலை, மேகம் எல்லாம் ஒன்றாக வேண்டுமென்றால் 16 இல்லாமல் முடியாது. படுக்கை வாட்டத்தில் கிட்டத்தட்ட 97 டிகிரி பார்க்கிற லென்ஸ். உங்கள் 200 பத்து டிகிரி பார்க்கும். சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதற்குப் பெயர் நிலக்காட்சியா?

நொய்யல்கரை
97 டிகிரி பார்த்தும் மலை குட்டை. உங்கள் ஆழியாறு படத்தை இப்போது மறுபடி திறந்துவைத்துப் பார்க்கிறேன். முன்னால் ஒரு கல், என் வீட்டு ஆட்டுக்கல்லைவிடப் பெரிதாக. பின்னால் ஆனைமலை அந்தக் கல்லுக்குப் பாதி உயரம். அந்த மலையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் அதைக் கல்லுக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கொறங்காடு
காங்கேயத்திலிருந்து எழுதுகிறேன். நொய்யல் அண்ணா மலையை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார். எங்களுக்கு மலை படத்துக்கு ஒரு ஓரம்தான். மாசி கடைசியில் ஊதியூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், உட்கார்ந்து எடுத்தேன். கேமரா முழங்கால் உயரத்துக்கும் கீழே, கிளுவை வேலிக்கு ஒரு முழத் தூரத்தில். 16 மி.மீ. லென்ஸ், துவாரம் எஃப்/11-க்குச் சுருக்கி. 80 சென்டிமீட்டர் வாக்கில் ஃபோகஸ் வைத்தால் 40 சென்டிமீட்டரிலிருந்து ஊதியூர் மலை வரைக்கும் தெளிவாக நிற்கும். வெயில் வேலிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு பொட்டு வெளிச்சம், உரிந்து தொங்குகிற கிளுவைப் பட்டை எண்ணெய்க் காகிதம் மாதிரி மஞ்சளாக ஒளி விட்டது. அதற்கு அப்பால் காய்ந்த கொழுக்கட்டைப் புல், ஒரு வெள்வேல மரம், அதன் கீழே மாடு ஒன்று. மலை கடுகு அளவுதான். அதனால் என்ன குறைந்துவிட்டது? இதை 200-ல் எடுத்திருந்தால் வேலியே இல்லை.

நொய்யல்கரை
அருமையான படம்தான், நான்கூடப் பாராட்டி எழுதினேன். ஆனால் "மலை கடுகு அளவு" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் பாருங்கள். அதைத்தானே நான் காலையிலிருந்து சொல்கிறேன்!

ஆழியாறுக்காரன்
லென்ஸ் குட்டையாக்கவில்லை. தூரம்.

நொய்யல்கரை
குட்டையாக வந்திருக்கிறதா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மஞ்சள் மாநகர்
இந்த 16-க்கு இவ்வளவு சண்டையா? என் கைபேசியிலேயே 13-க்குச் சமமான அல்ட்ரா வைட் இருக்கிறது. போன வாரம் காளிங்கராயன் வாய்க்கால் ஓரம் மஞ்சள் காட்டில் எடுத்தேன், அஸ்தமனத்துக்கு முந்தைய பொன் நேரம் ஒரு மணி நேரம் முழுக்க எடுத்தேன், எல்லாரும் பிரமாதம் என்றார்கள்.

நொய்யல்கரை
ஒரு மணி நேரமா? ஈரோட்டில் மட்டும் சூரியன் நின்று டீ குடித்துவிட்டுப் போகிறதா? நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகை. இங்கே சூரியன் நெட்டுக்குத்தாக இறங்கும். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுற்றுகிறது. பொன் நேரத்துக்குச் சொல்கிற, அடிவானத்துக்கு மேலே அந்தக் கடைசி ஆறு டிகிரியைக் கடக்க நமக்கு 25 நிமிஷம்தான். லண்டன் மாதிரி வடக்கே இருக்கிற ஊர்களில் சாய்வாக இறங்குவதால் 40, 50 நிமிஷம் வரை இழுக்கும். மறைந்த பிறகு நீல வெளிச்சம் முடியவும் நமக்கு இன்னொரு 20, 22 நிமிஷம்தான். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் என்று எழுதுகிறீர்கள். அந்த 25 நிமிஷத்தில் கல் தேடி, ட்ரைபாட் இறக்கி, ஃபில்டர் திருகுவதற்குள் இருட்டிவிடும்.

மஞ்சள் மாநகர்
நான் அஞ்சரைக்குப் போனேன், ஆறரைக்குத் திரும்பினேன். ஒரு மணி நேரம். நீங்கள் டிகிரியை எண்ணுங்கள், நான் படம் எடுக்கிறேன்.

கொறங்காடு
ஃபில்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆழியாறு தம்பி, கோபித்துக்கொள்ளாதே. வைட் லென்ஸில் போலரைசர், அதாவது வானத்தைக் கறுக்க வைக்கிற ஃபில்டர், போடாதே. உன் ஆழியாறு படத்து வானத்தில் கருநீலமாக ஒரு பட்டை விழுந்திருக்கிறது பார். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளித்தான் அது அதிகமாக வேலை செய்யும். அவ்வளவு அகலமான வானத்தில் ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் வெளுத்துத்தான் போகும்.

ஆழியாறுக்காரன்
அது மழை மேகம் அண்ணா. போலரைசர் இல்லை.

நொய்யல்கரை
மேகப் பேச்சு வந்ததால் கேட்கிறேன், இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தேன். உங்கள் ஆழியாறு படத்தில் இடது மேல் மூலையில் கொக்கி மாதிரி ஒரு மேகம். ஆறு மாதம் முன்னால் போட்ட அமராவதி அணைப் படத்திலும் அதே கொக்கி, அதே மூலை. இரண்டு அணைக்கும் நடுவில் உடுமலையே இருக்கிறது. அந்த மேகம் எந்தப் பஸ் பிடித்து வந்தது?

ஆழியாறுக்காரன்
சரி, இப்போது புரிகிறது. போன வருஷப் போட்டியில் என் படம் தேர்வாகி உங்கள் படம் வெளியே போனது இன்னும் ஆறவில்லை. நேரடியாகச் சொல்லலாமே. நான் மேகம் ஒட்டுகிறவன் இல்லை. கேமரா பதிந்த மூல ரா ஃபைல் இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புகிறேன், உங்களைத் தவிர.

நொய்யல்கரை
போட்டியை ஏன் இழுக்கிறீர்கள்? நடுவர் பார்த்தது எல்லாம் கைபேசித் திரையில், அதில் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு வானம்தான் ஜெயிக்கும். என் படத்தில் சிறுவாணிப் பக்கத்து மலை ஏழு அடுக்காக நின்றது. ஒவ்வொரு அடுக்கும் முன்னதைவிட ஒரு சாயல் வெளுத்து, கடைசி அடுக்கு வானமா மலையா என்று தெரியாத நீலம். காற்றில் இருக்கிற தூசியும் ஈரமும் தூரம் கூடக்கூட வெளுக்க வைப்பதால் வருகிறது அது. 180 மி.மீ. மூன்று சாயங்காலம் போய் மூன்றாவது நாள்தான் கிடைத்தது. உங்கள் 16-ல் அந்த ஏழு அடுக்கும் ஒரே கோடு. மலையை மலையாகக் காட்டு என்பதுதான் என் கட்சி, அதற்காக ஆயிரம் முறை எழுதுவேன்.

ஆழியாறுக்காரன்
நானும் ஆயிரம் முறை எழுதுகிறேன். லென்ஸ் எதையும் குட்டையாக்காது. உங்கள் ஏழு அடுக்கும் 16-ல் எடுத்த படத்துக்குள்ளேயே இருக்கிறது. என் படத்தில் அந்தச் சாயங்காலம் முழுசாக இருக்கிறது: காலடியில் ஈரக் கல், தலைக்கு மேல் மேகம், நடுவில் நான் நின்ற இடம். பார்க்கிறவர் அங்கே நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். உங்கள் படத்தைப் பார்த்தால் மலை தெரிகிறது, சாயங்காலம் தெரியவில்லை.

கோபி வயல்
மறுபடி கேட்கிறேனுங்க. ஃபுல் ஃப்ரேமா, கிராப்பா? என்னிடம் இருப்பது கிராப், கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். அறுப்புக்கு முன்னால் வயலை எடுக்கணும். 10-20 வைட் லென்ஸ் வாங்கலாமா என்று பார்க்கிறேன்.

மஞ்சள் மாநகர்
கோபி, கைபேசியே போதும்.

நொய்யல்கரை
போதாது. வெளிச்சம் அதிகமான இடமெல்லாம் வெளுத்துப் போகும், சூரியனைச் சுற்றி வெள்ளைச் சட்டி மாதிரி வரும், உங்கள் மஞ்சள் காட்டுப் படத்தில் வந்திருக்கிற மாதிரியே.

மஞ்சள் மாநகர்
அது சூரியன் அண்ணா. சூரியன் வெள்ளையாகத்தான் இருக்கும்.

நொய்யல்கரை
சாயங்காலச் சூரியன் வெள்ளையா?! சரி, உங்களோடு அப்புறம் பேசுகிறேன். ஆழியாறு தம்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேரூர் குளக்கரைக்கு 16-ஐ எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் 70-200 கொண்டு வருகிறேன். ஒரே இடத்தில் நிற்போம்.

ஆழியாறுக்காரன்
நான் ஏன் அங்கே வர வேண்டும்? நீங்கள் ஆழியாறுக்கு வாருங்கள். மலை தெற்கே இருக்கிற இடத்தில் பேசலாம்.

நொய்யல்கரை
மலை எந்தத் திசையில் இருந்தாலும் 16-ல் குட்டைதான்.